கொஞ்சம் தள்ளிப் போங்கப்பா

...இவர் முடித்தால் இன்னும் நாலு பேர், நாலு பேருக்கு அப்புறம் பத்தொன்பது, பத்தொன்பது என்றால் பாண்டிச்செல்வி, கழுத்தில் தொங்குகிற அட்டையில் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது, மேலே இந்தியா, நடுவில் அவள் பெயர், கீழே ஒரு வட்டத்துக்குள் 19, விரலால் எத்தனை தரம் தேய்த்தாலும் அது இருபத்தொன்பதாக மாறுவதாக இல்லை... மாறினால் நல்லதுதான், யோசிக்கக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும், ஆனால் இந்த மண்டபத்துக்குள் உட்கார்ந்துகொண்டு யாரால் யோசிக்க முடியும்? நைரோபியில் இப்படி ஒரு மண்டபம் இருக்கிறது என்று கோவில்பட்டியில் போய்ச் சொன்னால் ஒருத்தரும் நம்பப் போவதில்லை, செண்பகவல்லி அம்மன் தேரை ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று அடுக்கி உள்ளே இழுத்து வந்தாலும் மேல் கலசம் கூரையில் இடிக்காது, நாற்காலியோ உட்கார்ந்த மாத்திரத்தில் அரை அடி உள்ளே வாங்கிக்கொள்கிறது, எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டும். தொண்ணூறு நாட்டுப் பிள்ளைகள். தொண்ணூறு நாட்டிலும் இத்தனை விதமான தலைமுடி இருக்கும் என்று தாவரவியல் மூன்றாம் வருஷம் படிக்கிறவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. காதில் மாட்டுகிற கருவியில் ஒரு திருகு இருக்கிறது, திருகினால் மேடையில் பேசுகிறவர் ஒரே வாயால் ஆறு மொழியில் பேசுவார், முதல்நாள் அவள் அதை முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்தாள், ருஷ்ய மொழிக்கும் அரபுக்கும் இடையில் எங்கேயாவது தமிழ் ஒட்டிக்கொண்டிருக்காதா என்று... இல்லை. இருந்தாலும் ஆறையும் கேட்டாள், இங்கிலீஷ் போக மிச்சம் ஐந்தும் புரியாமலேயே அரை மணி நேரம் கேட்டாள், அவ்வளவு நன்றாக இருந்தது.

நன்றாகத்தான் எல்லாம் இருந்தது, இன்று காலை பத்தேகால் மணி வரைக்கும். விமான நிலையத்திலிருந்து பேருந்தில் வரும்போதே அவளுக்குச் சந்தேகம், ஒருவேளை விமானம் வானத்தில் ஒரு வட்டமடித்துவிட்டு எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் இறக்கிவிட்டதோ என்று, சாலைக்கு இரண்டு புறமும் கரிசல், நம்ம ஊர்க் கரிசலேதான், வெடித்துக் கிடந்தது, குடை விரித்த மாதிரி உடை முள்மரங்கள் வேறு, மரத்துக்கு மரம் ஆள் உயரத்துக்குக் கொக்குகள், வழுக்கைத் தலையும் தொங்கு தாடையுமாக ஓய்வுபெற்ற தாசில்தார்கள் போல நின்றுகொண்டிருந்தன. பக்கத்தில் இருந்த பெரு நாட்டுப் பெண்ணிடம் மண்ணைக் காட்டி, இது எங்கள் மண் என்றாள், அவளும் எதைப் புரிந்துகொண்டாளோ தெரியவில்லை, கையைப் பிடித்துக் குலுக்கினாள். ஆடி மாசத்தில் மார்கழிக் குளிர். அம்மா முத்துமாரியம்மாள் தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் போகிற வழியில் வாங்கிக் கொடுத்த சிவப்பு ஸ்வெட்டர், அதைக் கழற்றாமலே மூன்று நாள் ஆகிறது. மாநாட்டுக்குப் பெயர் உலக இளைஞர் நீடித்த வளர்ச்சி மாநாடு, அப்பா வன்னியபெருமாளுக்கு அதை விளக்கியபோது பொறுமையாகக் கேட்டார், இன்றைக்கு நாம் அனுபவிப்பதை நாளைக்கு வருகிறவர்களுக்கும் மிச்சம் வைக்கிறதுப்பா என்று கால்மணி நேரம் சொன்னாள், எல்லாம் கேட்டுவிட்டு அப்பா கேட்ட ஒரே கேள்வி, "மூணு வேளையும் சோறு அவியளே போட்டுருவாவளா?" போடுகிறார்கள் அப்பா, தட்டு மாட்டு வண்டிச் சக்கரம் அகலம் இருக்கிறது, நடுவில்தான் கொஞ்சூண்டு...

பத்தேகால் மணிக்கு மேடையில் மத்தியாஸ் ஏறினான். நெட்டைப் பையன், பனைக்குப் பாதி இருப்பான், மூன்று நாளாகத் தூங்கவே இல்லை என்பது கண்ணைப் பார்த்தாலே தெரியும், தொண்ணூறு நாட்டுப் பிள்ளைகளும் சொன்னதையெல்லாம் சேர்த்து ஒரே பிரகடனமாக எழுதுகிற பொறுப்பு அவனுக்கு, அதை மந்திரிமார்கள் கையில் கொடுப்பார்களாம், அவர்கள் ஊர் ஊருக்குச் சட்டமாக்குவார்களாம். நல்லவன், முதல்நாள் சாப்பாட்டு வரிசையில் காரமில்லாத சோற்றை அவள் பார்த்த பார்வையைப் பார்த்துவிட்டு எங்கிருந்தோ ஒரு மிளகாய்த்தூள் டப்பாவைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தவன். அவன்தான் ஒவ்வொரு பிரிவாகத் திரையில் படம்போட்டு வாசித்தான். பதினாலாம் பிரிவு: பயன்பாடின்றிக் கிடக்கும் வறண்ட நிலங்களில் எரிபொருள் தரும் செடிகளை வளர்க்க அரசுகளைக் கேட்டுக்கொள்கிறோம். எரிபொருள் செடி என்றால் காட்டாமணக்கு, ஆடு வாய்வைக்காத சனியன், அதை வேலியோரத்தில் பார்த்திருக்கிறாள், அதற்கா இத்தனை மரியாதை என்று நினைத்துக்கொண்டே நிமிர்ந்தாள், திரையில் ஒரு நிலம். ஊர்த் தியேட்டர்த் திரையைவிட நாலு மடங்கு பெரிய திரை முழுக்க ஒரே கரிசல் காடு, ஒரு புல் இல்லை, ஒரு காக்கை இல்லை, பாளம் பாளமாக வெடிப்பு, தூரத்தில் ஒற்றைப் பனை, பனையில் மூன்றாவது மட்டை முறிந்து தொங்கியது... முறிந்து தொங்கியதா? எந்த மட்டை? மொட்டைப்பாறை மேட்டுக்குத் தெற்கே, அவர்களுடைய நாலு ஏக்கர். அவள் அனுப்பிய படம். விண்ணப்பத்தோடு உங்கள் ஊர்ச் சூழலைக் காட்டும் புகைப்படம் ஒன்று இணைக்கவும் என்று கேட்டிருந்தார்களே, அந்தப் படம்.

மத்தியாஸ் மேல் என்ன தப்பு, படத்துக்குப் பின்பக்கம் பெயரும் ஊரும் எழுதியிருந்தாள், முன்பக்கத்தை மட்டும் கம்ப்யூட்டர் பெட்டியில் ஏற்றி வைத்திருப்பார்கள், ஆளில்லாத வறண்ட நிலம் வேண்டும் என்று தேடியிருப்பான், உலகத்திலேயே ஆளில்லாத நிலம் இதுதான் என்று எடுத்திருப்பான். பார்க்க அப்படித்தானே இருக்கிறது? போன மாசம் ஒரு ஜீப் வந்தது ஊருக்கு, ஏதோ திட்டம் என்றார்கள், வரைபடத்தைப் பானெட்டில் விரித்தார்கள், அதில் ஊரில் பாதிக்கு மஞ்சள் அடித்திருந்தது, மஞ்சள் என்றால் தரிசாம், அப்பா நிலத்துக்கும் மஞ்சள். பட்டா இருக்கிறது, தாத்தா காலத்துத் தீர்வை ரசீது இருக்கிறது, இருந்தும் மஞ்சள். அப்பா அந்த மஞ்சளைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார், அழியுமா என்று. அந்த ஜீப்காரர் கையில் நாளைக்கு இந்தப் பதினாலாம் பிரிவும் சேர்ந்து, பக்கத்தில் இந்தப் படமும் இருந்தால்... உலகமே சொல்லிவிட்டது பெரியவரே என்பாரே. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கைதூக்கி நிறைவேற்றப் போகிறார்கள். பதினைந்தாம் எண் ஏறியாயிற்று. பிரேசில். என்ன அழகாகப் பேசுகிறான், ஆற்றைப் பற்றிப் பேசுகிறான், அவன் கையை ஆட்டுகிற ஆட்டில் முன்வரிசையில் இருக்கிறவர்கள் மேல் தண்ணீர் தெறித்துவிடும் போல இருக்கிறது... கேட்க வேண்டும், கேட்க முடியவில்லை, காது திரும்பத் திரும்பச் சித்திரை மாசத்துச் சாயங்காலத்துக்கே போகிறது.

அன்றைக்கு நிலம் நிலமாகவா இருந்தது, திருவிழாவாக இருந்தது. கோவில்பட்டியிலிருந்து ஸ்டுடியோ சுடலைராஜ் அண்ணாச்சி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார், காமிராவுக்கு ஒரு குடை, தனக்கு ஒரு குடை, வெயில் சாயட்டும் சாயட்டும் என்று ஐந்து மணி வரை இரண்டு சொம்பு மோரைக் காலிசெய்துவிட்டுத்தான் கண்ணை வைத்தார். வைத்த கண்ணை எடுத்துவிட்டார். "ஏ தாயி, என்ன இது, சந்தை மாதிரி கிடக்கு." கிடந்ததுதான். கிடைக்காரர் இருநூறு ஆட்டை நிலத்தில் மடக்கிக்கொண்டிருந்தார், ஆடு படுத்து எழுந்தால் அந்த வருஷத்துக்கு உரம், அதற்காக அப்பா மூன்று மாசம் முன்னாடியே சொல்லிவைத்து, கெஞ்சி, பக்கத்து ஊர்க்காரனிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வந்த கிடை. ஒரு ஓரத்தில் கண்மாயில் வெட்டிய கரம்பை, வண்டல் மண், வண்டி வண்டியாகக் கொட்டிக் குமி குமியாகக் கிடந்தது. அப்பா மண்வெட்டியோடு அதை இறைத்துக்கொண்டிருந்தார். சொன்னால் நம்பமாட்டார்கள், வெடிப்புக்குள் ஒரு ஆட்டுக்குட்டியின் கால் போய், அதை இரண்டு பேர் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள், அந்த வெடிப்பு நேரே அமெரிக்காவுக்குப் போகிற வெடிப்பு, விட்டிருந்தால் குட்டி அந்தப் பக்கம் போய் மேய்ந்திருக்கும். சுடலைராஜ் அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். "ஃபாரின்காரன் பாக்கப் போற படம், காலண்டர் கணக்கா சுத்தமா இருக்கணும், ஆட்டை ஓட்டச் சொல்லு." கிடைக்காரர் கம்பை ஊன்றி நின்றுகொண்டு, "ஒரு போட்டோவுக்கு எரநூறு ஆட்டைக் கிளப்பச் சொல்லுதீங்களே அண்ணாச்சி, கல்யாண வீட்டுல கூட இப்படிக் கேக்க மாட்டாவ" என்றார். ஆனாலும் ஓட்டினார். கரம்பைக் குமி முதுகுக்குப் பின்னால் போகும்படி அண்ணாச்சி காமிராவைத் திருப்பினார். மிச்சம் அப்பாதான். "உங்க அப்பா பனியன்ல அம்புட்டு ஓட்டை இருக்கு தாயி, வெள்ளைக்காரன் எண்ணிக்கிட்டே இருப்பான், நிலத்தைப் பாக்க மாட்டான்..." அண்ணாச்சி சிரிப்பாகத்தான் சொன்னார். அவள்தான்... யார் சொன்னது? அவள்தான் சொன்னாள். யப்பா, கொஞ்சம் தள்ளிப் போங்கப்பா.

விருந்தாளி வருகிறார்கள் என்றால் வீட்டைக் கூட்டிப் பெருக்கித் துடைக்கிறதில்லையா, அந்த மாதிரி நிலத்தைக் கூட்டிப் பெருக்கி வைத்துவிட்டாள், அதற்காக இப்போது என்ன செய்ய? பதினாறாம் எண் ஏறினார், நீலத் தலைப்பாகை, பேச்சு தம் பிடித்து ஏறிக்கொண்டிருக்கும்போதே பச்சை விளக்கு மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாகி, மைக் பட்டென்று நின்றுவிட்டது, அவர் வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. மூன்று நிமிஷம் என்றால் மூன்று நிமிஷம். அவளிடம் மூன்று நிமிஷத்துக்குப் பேச்சு இருக்கிறது, கல்லூரி உமாதேவி மேடம் இங்கிலீஷில் எழுதிக்கொடுத்தது, எழுதிக்கொடுத்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்து இருபத்தேழு தரம் சொல்லச்சொல்லி, "விளிப்பு போக மூணு நிமிஷம், கரெக்டா இருக்கு" என்று டிக் அடித்தது. மழைநீர்த் தொட்டியைப் பற்றி. அருமையான பேச்சு. அதைப் பேசுவதா, படத்தைப் பற்றிப் பேசுவதா? படத்தைப் பற்றிப் பேசினால் எப்படிப் பேசுவது... அந்த நிலம் தரிசில்லை என்று சொல்லலாம், சொன்னால், அப்படியானால் ஆள் எங்கே, ஆடு எங்கே என்று கேட்பார்கள், கேட்டால் நான்தான் விரட்டினேன் என்று சொல்ல வேண்டும், தொண்ணூறு நாட்டுக்கு முன்னால். அப்பாவின் பனியனுக்கு வெட்கப்பட்டு விரட்டினேன் என்று. அதைச் சொல்லவா நாற்பது பேர் வேனில் வந்து வழியனுப்பினார்கள்? கல்லூரி வாசலில் தட்டி வைத்தார்கள்? ஹாஸ்டலில் பட்டணத்துப் பிள்ளைகள் உங்க ஊர்ல என்ன விளையும் என்று கேட்டால், ஒண்ணும் விளையாது, வெறும் பொட்டக்காடு என்று சொல்லிச் சிரிப்பாளே... அதுவும் அவள்தானே?

பதினேழு. கானா நாட்டுப் பெண், பேச்சை ஒரு பாட்டில் ஆரம்பித்தாள், கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த ஆறு மொழிபெயர்ப்பாளரும் பாட்டை என்ன செய்வது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேடைக்குக் கீழே, வயர்கள் பின்னிக் கிடக்கிற மூலையில் கமாவ் உட்கார்ந்திருந்தார், மைக் செட்காரர், காதில் கறுப்புக் கருவி, முன்னால் நூறு குமிழ் வைத்த பெட்டி. முதல்நாளே அவரிடம் போய்ப் பெயர் கேட்டுக்கொண்டவள் இந்த மாநாட்டிலேயே அவள் ஒருத்திதான். அவர் எழுந்து நின்று, ஏன், ஏதாவது புகாரா என்று கேட்டார், பாவம். புகார் இல்லை அண்ணாச்சி, அனுபவம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கையில் அம்மன் கோயில் கொடைவிழாவுக்கு மதியம் மேடையில் பேசினாள், நாட்டாமை அவர்களே, தர்மகர்த்தா அவர்களே, வரிதாரர்கள் அவர்களே, பந்தல் போட்டவர் அவர்களே என்று வரிசையாக வந்து மைக் செட் முப்பிடாதி அண்ணாச்சியை மட்டும் விட்டுவிட்டாள். ஐந்தாவது வாக்கியத்தில் மைக் செத்துவிட்டது. பெண்ணுரிமையைப் பற்றி ஆவேசமாக அவள் வாயசைத்தாள், ஊர் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. இறங்கி ஓடிப்போய்க் கேட்டால் முப்பிடாதி அண்ணாச்சி வெற்றிலையை மடித்துக்கொண்டே, "எம் பேரைச் சொல்லாத வாய்க்கு எம் மைக் எதுக்கு தாயி, கோயில் மணியை அடிச்சிக்கிட்டே பேசு" என்றார். அன்றைக்குப் படித்துக்கொண்டாள். எந்த மேடையானாலும் முதலில் விளிப்பு, விளிப்பில் ஒரு ஆள் விடக்கூடாது, விளிப்புக்கு எந்த ஊரிலும் நேரக் கணக்குக் கிடையாது, கடிகாரம் அதற்கு அப்புறம்தான் ஓட ஆரம்பிக்கும்... ஆரம்பிக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பதினெட்டாம் எண் எப்போது ஏறினார், எப்போது இறங்கினார் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது, திடீரென்று தலைவி இங்க்ரித் அவள் பெயரைச் சொன்னாள், சொன்னாள் என்று சொல்ல முடியாது, பாண்டி வரை வந்து மூச்சுவாங்கிவிட்டுச் செல்வியைத் தனியாகத் தூக்கிவைத்தாள், நாற்காலி அவளை விடவில்லை, பெருவுக்காரி கைகொடுத்துத் தூக்கிவிட்டாள், சிவப்பு ஸ்வெட்டரோடு ஏறி நின்றாள். பச்சை விளக்கு. அவளுக்கு எதைப் பேசப் போகிறோம் என்பது அப்போதும் தெரியாது, ஆனால் வாய்க்குத் தெரியும், வாய் பழக்கப்பட்ட வாய், அது பாட்டுக்கு இங்கிலீஷிலேயே கிளம்பிவிட்டது. மாண்புமிகு தலைவி இங்க்ரித் அவர்களே. செயலாளர் அவர்களே. எங்களுக்காக மூன்று நாள் தூக்கத்தை விட்ட நண்பர் மத்தியாஸ் அவர்களே. இந்த மண்டபத்தை அதிகாலையில் கூட்டுகிற வஞ்சிகு அம்மா அவர்களே, பேருந்து ஓட்டுநர் அவர்களே, காரமில்லாவிட்டாலும் அன்போடு சமைக்கிற சமையல்காரர்கள் அவர்களே. கண்ணாடிக் கூண்டுக்கு வந்தாள், கூண்டு வாசலில் ஒட்டியிருந்த பெயர்களை மூன்று நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தாள், ஒவ்வொன்றாகச் சொன்னாள், சொல்லச் சொல்ல அந்த ஆறு பேரும் தங்கள் பெயரைத் தாங்களே மொழிபெயர்க்க வேண்டியதாகிவிட்டது, அரபு மொழிக்காரப் பெண்மணி தன் பெயரைச் சொல்ல வந்து, நின்று, சிரித்துவிட்டாள், அந்தச் சிரிப்பு அரபு கேட்டுக்கொண்டிருந்த அத்தனை காதுக்குள்ளும் போய் ஒரு வரிசை முழுக்கச் சிரித்தது. மஞ்சள் விளக்கு. மஞ்சளா? எதற்கு மஞ்சள், நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே... கடிகாரம் ஓடுகிறதா? விளிப்புக்குமா ஓடுகிறது? ஐயோ, இந்த ஊரில் விளிப்பும் கணக்கா? நிறுத்திவிடலாம், ஆனால் இன்னும் ஒரு ஆள் பாக்கி, அவரை விட்டுவிட்டு எப்படி நிறுத்துவது, உலகமே அழிந்தாலும் அவரை விடக்கூடாது. ஒலிபெருக்கி அமைத்து எங்கள் குரலை ஊரறியச் செய்கிற பெரியவர் கமாவ் அவர்களே. மூலையில் குமிழ்ப் பெட்டிக்குப் பின்னால் ஒரு தலை நிமிர்ந்தது. சிவப்பு விளக்கு.

முடிந்தது. மூன்று நிமிஷத்தில் தொண்ணூறு நாட்டுக்கும் வணக்கம் சொல்லி முடித்திருக்கிறாள், அவ்வளவுதான், ஊருக்குப் போய் வணக்கம் சொன்னேன் என்று சொல்ல வேண்டியதுதான்... மைக் எப்போது சாகும் என்று காத்திருந்தாள். சாகவில்லை. அவள் மூச்சுவிடுகிற சத்தம் மண்டபத்தின் நாலு மூலையிலிருந்தும் திரும்பி வந்தது, எருது மூச்சுவிடுகிற மாதிரி. கமாவ் இரண்டு கையையும் பெட்டியிலிருந்து எடுத்து மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டார். எடுத்துக் கட்டிக்கொண்டு அவளையே பார்த்தார். முப்பிடாதி அண்ணாச்சி, நீங்க நல்லா இருக்கணும், நீங்க படிச்சுக் கொடுத்த பாடம் பாருங்க எங்கன வந்து விளைஞ்சிருக்கு என்று மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டாள், உமாதேவி மேடத்தின் பேச்சில் ஒரு வரிகூட அப்போது ஞாபகம் இல்லை, ஞாபகத்தில் இருந்தது ஒன்றுதான், அதைச் சொன்னாள். காலையில் திரையில் காட்டிய நிலம் எங்கள் அப்பாவுடையது. அது சும்மா கிடக்கவில்லை. சித்திரையில் அது மழைக்கு ஆயத்தமாகிறது, அன்றைக்கு அதில் இருநூறு ஆடு நின்றது, எங்கள் அப்பா நின்றார். படம் அழகாக இருக்க வேண்டும் என்று எல்லோரையும் தள்ளிப் போகச் சொன்னவள் நான்தான். நவம்பரில் வந்து இன்னொரு படம் எடுங்கள், உளுந்தும் பாசிப்பயறும் முட்டளவு நிற்கும். அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துவிடுங்கள், பயன்பாடின்றி என்பதை. அவ்வளவுதான், இருபது வினாடிகூட ஆகியிருக்காது, பிற்பாடு கோவில்பட்டியில் சொல்லும்போது அது இருபது நிமிஷமாயிற்று, அதைத் தப்பென்று சொல்ல முடியாது, நின்றவளுக்கு அப்படித்தான் இருந்தது.

கைதட்டல். முன்வரிசையில் ஆரம்பித்ததா, கூண்டுக்குள் ஆரம்பித்ததா தெரியவில்லை, பிரேசில்காரன் நாற்காலியின் பிடியிலிருந்து தப்பித்து எழுந்து நின்றே தட்டினான், நைரோபியில் அன்றைக்கு மரத்தில் இருந்த தாசில்தார்க் கொக்குகள் அத்தனையும் பறந்திருக்கும். எதற்குத் தட்டுகிறார்கள், நிலத்துக்கா, அவர்களே அவர்களே என்று நீட்டியதற்கா? யாரைக் கேட்பது? இறங்கி வந்து உட்கார்ந்தாள். இங்க்ரித் மத்தியாஸைப் பார்த்தாள், மத்தியாஸ் தலைகுனிந்து ஏதோ தட்டினான், திரையில் பதினாலாம் பிரிவு வந்தது, அதில் அந்த வார்த்தைக்கு முன்னால் ஒரு அடைப்புக்குறி முளைத்தது, பின்னால் ஒன்று முளைத்தது, வெள்ளாமையில் மேய்ந்த மாட்டைப் பட்டியில் பிடித்து அடைத்த மாதிரி. எடுக்கவில்லை. நாளைக் காலை விவாதித்து எடுப்பதா வைப்பதா என்று முடிவுசெய்வார்களாம், அதுவரைக்கும் பட்டிக்குள் கிடக்கும், இன்றைக்கு ஓட்டெடுப்பு இல்லை என்றாள் இங்க்ரித். பெருவுக்காரி அவள் தோளை அணைத்துக்கொண்டாள். போதும், இன்றைக்கு இது போதும், நாளைக்கு என்ன சொல்வார்களோ, மைக் கிடைக்குமோ, கமாவ் இருப்பாரோ...

மத்தியாஸ் என்ன நினைத்தானோ, யாரும் கேட்காமலேயே அந்தப் படத்தை மறுபடியும் திரையில் போட்டான், போட்டுவிட்டு அவள் பக்கம் பார்த்து நெஞ்சில் கைவைத்தான், மன்னிப்புக் கேட்கிறான் போலிருக்கிறது, நீ எதற்கடா கேட்கிறாய்... தொண்ணூறு நாடும் இப்போது வேறு மாதிரி பார்த்தது, வெடிப்புக்குள் எதையோ தேடுகிற மாதிரி. அவளும் பார்த்தாள். உள்ளங்கை அகலப் படமாகத்தான் அதைப் பார்த்திருக்கிறாள், இப்போது வீட்டளவுக்குப் பெரிதாக, பனையின் முறிந்த மட்டை, மேட்டின் விளிம்பு, சாய்ந்த வெயில், மேற்கு ஓரத்தில், இடது மூலையில் கீழே, மண்ணில் கறுப்பாக நீளமாக ஒன்று கிடந்தது. வெடிப்பு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். வெடிப்பில்லை. தலை இருந்தது, தோள் இருந்தது, தோளில் மண்வெட்டி இருந்தது. அப்பாவின் நிழல். படத்துக்கு வெளியே நின்றவர் உள்ளே விழுந்திருந்தார், சுடலைராஜ் அண்ணாச்சி கண்ணுக்கும் தப்பி, அவள் கண்ணுக்கும் தப்பி. யப்பா, கொஞ்சம் தள்ளிப் போங்கப்பா என்றாள், இரண்டு எட்டு வைத்து, இம்புட்டுப் போதுமா என்றார், இன்னும் என்றாள், இன்னும் நாலு எட்டு, இப்ப, என்றார், இன்னும் கொஞ்சம் என்றாள், போனார், போய் நின்று மறுபடியும் கேட்டார், இம்புட்டுப் போதுமாட்டி... அப்புறம் காமிரா சொடுக்கியது, அண்ணாச்சி குடைகளை மடக்கினார், ஹாஸ்டலுக்குக் கடைசிப் பஸ் போயிரும் என்று அவளையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டார், புழுதி பறந்தது, அவள் படம் எப்படி வந்திருக்கும் என்று கேட்டுக்கொண்டே போனாள், அதெல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஞாபகம் இல்லாதது ஒன்றுதான். அப்பா மூன்றாவது தரம் கேட்டாரே, அதற்கு அவள் என்ன சொன்னாள், போதும், வாங்கப்பா என்று சொன்னாளா?